சிவக்கும் தகடு

காரைக்குடிக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த ரேடியோக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் எழுத்து உதிர்ந்துவிட்டது. உள்ளே ஒரு நீள மேசை, அதன்மேல் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஈயச்சுருள். வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களைக் கடைக்காரர் தடுப்பதில்லை. வேலை நடக்கும்போது பேச்சு கொடுத்தால்தான் பிடிக்காது. நான் பேசவில்லை.

ஆட்டோவிலிருந்து ஓர் இளைஞர் இரும்புப் பெட்டியொன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தார். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர். டிரான்ஸ்பார்மர்களின் கனம்.

“எங்க ஐயா மைக் செட்டுக்கு வச்சிருந்தது அண்ணே. ஸ்விட்சப் போட்டா ஒரே உறுமல். பாட்டு அமுங்கிக் கரகரன்னு வருது. மெயின் கன்டென்சர் போயிருச்சு, உள்ள இருக்கற எல்லாத்தையும் மாத்திருங்கன்னாங்க.”

“வை தம்பி. பாப்போம்.”

முதலில் மின்சாரமே கொடுக்கவில்லை. வால்வுகளை ஒவ்வொன்றாக ஆட்டி உருவி, வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியின் உச்சியில் உள்பக்கம் வெள்ளிப்பூச்சு பளபளத்தால் வால்வுக்குள் வெற்றிடம் இருக்கிறது. அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. எல்லாம் பளபளத்தன. பெரியவை இரண்டும் இஎல் 34. சிறியவற்றில் ஒன்றை விரலால் துடைத்துப் படித்தார்: பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த இசிசி 83. அந்த ஆலையில் வால்வு உற்பத்தி 1961இல் தொடங்கியது. எழுத்து அழிந்துவிடக் கூடாதென்று அதை மட்டும் தனியாகத் துணிமேல் வைத்தார்.

அடுத்து சுவரிலிருந்த சீரீஸ் லாம்ப். 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாகத்தான் பெட்டிக்கு மின்சாரம் போகும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், டிரான்ஸ்பார்மர் தப்பிக்கும். ஏசியை டிசியாக்கும் ஜிஇஸட் 34 வால்வை மட்டும் மாட்டாமல் முதலில் போட்டுப் பார்த்தார். ஃபிலமென்ட்கள் மங்கலாகச் சிவந்தன. பல்பில் லேசான ஒளிதான். டிரான்ஸ்பார்மருக்குப் பழுதில்லை. பிறகு அந்த வால்வையும் மாட்டினார். பல்பு ஒருமுறை மின்னி அடங்கியது. அதன் பிறகே நேரடி மின்சாரம். அதற்கு முன் ஸ்பீக்கர் வயரை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். ஸ்பீக்கர் இல்லாமல் இந்த ரகப் பெட்டியில் பாட்டை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் மின்னழுத்தம் எகிறி, சுருளின் இன்சுலேஷன் பொத்துவிடும். அந்த டிரான்ஸ்பார்மர் போனால் அதே அளவில் வேறொன்று கிடைப்பது அரிது.

உறுமல் வந்தது. வால்யூமைக் கூட்டினார், குறைத்தார். உறுமல் மாறவே இல்லை. ஆக, அது வால்யூமுக்கு முன்னாலிருந்து வருவதில்லை. இந்த இடத்தில் பலரும் மெயின் கன்டென்சரைக் கழற்றிவிடுவார்கள். அவர் எழுந்துபோய்க் கடையின் டியூப் லைட்டை அணைத்தார்.

இருட்டில் தெரிந்தது. வலப்பக்க இஎல் 34இன் நடுவில் ஃபிலமென்ட்டின் ஆரஞ்சு ஒளி மட்டும். இடப்பக்க வால்விலோ, ஒளி விடவே கூடாத கருத்த தகட்டின் நடுவே ஒரு சிவப்புத் திட்டு பரவிக்கொண்டிருந்தது. பட்டென்று ஸ்விட்சை அணைத்தார்.

ஆறும்வரை காத்திருந்து, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகினார். மறுபடி இருட்டு. இப்போதும் இடப்பக்கம்தான் சிவந்தது. சிவந்தது, முன்பு வலப்பக்கம் நன்றாக இருந்த வால்வு. குற்றம் வால்வில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. விலையுயர்ந்த ஒரு ஜோடி வால்வை அந்த நிமிடத்தில் அவர் காப்பாற்றினார். நான் பார்த்ததிலேயே அழகான சோதனை அதுதான். அதற்கு மீட்டர்கூடத் தேவைப்படவில்லை.

பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினார். அணைத்த பிறகும் பெரிய கன்டென்சர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். இரு முனையிலும் கிளிப் வைத்த தடித்த ரெசிஸ்டன்ஸ் ஒன்றை மாட்டி அதை வடித்தார். மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கை உள்ளே போனது. மறுபடி மின்சாரம் கொடுத்து அளக்கும்போது அவருடைய இடக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கை மட்டும் உள்ளே இருந்தால், தவறிப் பட்டாலும் மின்சாரம் மார்பின் குறுக்கே பாய வழி குறைவு. பழக்கத்தில் அந்தக் கை தானாகப் பின்னால் போயிற்று.

ஒவ்வொரு இஎல் 34இன் கேதோடின் கீழும் ஒரு 470 ஓம் ரெசிஸ்டன்ஸ். வலப்பக்கம் 28 வோல்ட், அதாவது சுமார் 60 மில்லி ஆம்பியர். இடப்பக்கம் 46 வோல்ட், 100க்குப் பக்கத்தில். தகடு சிவக்காமல் என்ன செய்யும்? அடுத்து கிரிட்டைத் தொட்டார். வால்வுக்குள் ஓடும் மின்சாரத்துக்கு மதகு அதுதான். அங்கே டிசி எதுவும் இருக்கக் கூடாது. 20 வோல்ட் பாசிட்டிவ் இருந்தது. மதகு திறந்தே கிடந்திருக்கிறது.

முன் வால்வின் தகட்டிலிருந்து கிரிட்டுக்கு வரும் மெழுகு பூசிய பேப்பர் கன்டென்சர், 0.1 மைக்ரோ ஃபாரட். பாட்டை விட்டு டிசியைத் தடுப்பது அதன் வேலை. அதன் ஒரு காலை விடுவித்து, அந்தரத்தில் நின்ற காலில் மீட்டரை வைத்தார். முள் ஏறி நின்றது. கசிவு அங்கேதான்.

“அப்ப மெயின் கன்டென்சர் இல்லியாண்ணே?”

“இல்ல. ரெண்டு வால்வும் சமமா இழுத்தா உறுமல் ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிரும். ஒண்ணு மட்டும் கூட இழுக்குது, அதான் வெளிய கேக்குது.”

நெடுநேரத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். 630 வோல்ட் தாங்கும் புது கன்டென்சர்கள் இரண்டை எடுத்தார். வலப்பக்கத்ததும் அதே வயது என்பதால் அதையும் மாற்றினார். வேறு எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் மாற்றுகிறவர் பழுதைப் போக்கிவிடலாம். எது பழுது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த பெட்டியிலும் எல்லாவற்றையும்தான் மாற்றுவார். பார்த்துக் கண்டுபிடிக்கும் இந்த வேலையைத்தான் நான் தொழில் என்பேன்.

மறுபடி அளந்தார். 28, 29. இருட்டில் இரண்டு தகடும் கருப்பு. சிறு வால்வுகளைப் பென்சிலின் மரமுனையால் தட்டினார். ஒன்று ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று மணியடித்தது. அதைப் பின்னாலிருந்த சாக்கெட்டில் மாட்டிவிட்டு, அங்கிருந்த பெங்களூரு வால்வை முதலிடத்தில் செருகினார். இளைஞரின் போனிலிருந்து வயர் கொடுத்ததும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் வந்தது. சீவாளியில் மூச்சு உரசுவதுகூடக் கேட்டது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, டிரான்ஸ்பார்மரின் சூட்டைப் புறங்கையால் பார்த்த பிறகே பெட்டியைக் கொடுத்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், ஆசையில் நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிடாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள். தகடு சிவந்தால் அந்த நொடியே அணையுங்கள். உள்ளே கை வைக்காமல், இந்த வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பழைய இரும்பு என்று எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். இஎல் 34 இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் புதிதாகச் செய்யப்படுகிறது.