அம்மாவின் கொப்பி

2022 ஜூன் 14
கிளினிக். வெறும் வயிற்றில் அம்மாவுக்குச் சீனி 118. "பாத்தியா மனே, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்று கொப்பியைச் சொப்பிங் பைக்குள் வைத்தா. டொக்டர் அவவின் காலைத்தான் பார்த்தார். பெருவிரல் ஓரத்துப் புண் ஆறவேயில்லை. எச்பிஏ1சி எடுக்க வேண்டும், இங்கே அதற்குரிய இரசாயனம் முடிந்துவிட்டது, வெளியில் செய்துகொண்டு வாங்கோ என்றார்.

ஜூன் 19
தங்கச்சி போட்டுக் கொடுத்துவிட்டாள். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதே அம்மா சோற்றை நிறுத்தி, குரக்கன் பிட்டோடு இருப்பாவாம். கிளினிக் முடிந்தால் அன்று மத்தியானமே எருமைத் தயிரும் சர்க்கரையும்.

அந்த வித்தை எச்பிஏ1சி பரிசோதனையிடம் எடுபடாது. இரத்தத்தில் மிதக்கும் சீனி சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஒட்டியது அதுவரை போகாது. கடந்த இரண்டு மூன்று மாதம் என்ன சாப்பிட்டோம் என்பது அதில் கிடக்கும்.

ஜூன் 28
அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோலாம், ஜூலை 10 வரை.

ஜூலை 5
எச்பிஏ1சிக்கு இரத்தம் கொடுக்கச் சைக்கிளில்தான் போனோம். விடிய முதலே வவுணதீவிலிருந்து வெளிக்கிட்டோம், அம்மா பின் கரியரில், வெறும் தேத்தண்ணிகூட இல்லாமல். இதற்குப் பட்டினி தேவையில்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை. வலையிறவுப் பாலத்தில் எதிர்க்காற்று, இறங்கி உருட்டினேன். ஆற்றில் இறால் வலைக்காரர்கள்.

அப்போதுதான் பெரிய மாமாவின் கதையை எடுத்தா. கால் எடுத்தது எனக்குத் தெரியும். இது தெரியாது: "அண்ணன்ட கொப்பியில முந்நூறு எண்டு எழுதின பிறகுதானே மனே காலை எடுத்தவங்க."

மிச்சத் தூரம் நான் ஒன்றும் கதைக்கவில்லை.

ஜூலை 9
எச்பிஏ1சி 9.4. சராசரிச் சீனி 220க்கு மேல் என்று அர்த்தம். தொலைக்காட்சியில் சனாதிபதி மாளிகைக்குள் சனம் நீந்துகிறது. வீட்டில் எல்லோரும் அதைப் பார்க்க, அம்மா என் கையிலுள்ள துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

ஜூலை 12
டொக்டர் அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளிறியிருந்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் ஏ1சி உள்ளதைவிடக் கூடவும் காட்டுமாம். முழு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். "நான் சொன்னன்தானே" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோசம். ஆனாலும் குளிசையைக் கூட்டினார், புண்ணுக்கு நாள்தோறும் மருந்து கட்டச் சொன்னார், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து வீட்டில் குத்திப் பார்க்கச் சொன்னார்.

ஜூலை 17
தயிர்ச்சட்டி காலி. யாரையும் கேட்கவில்லை.

ஜூலை 20
பக்கத்து வீட்டு மெசினை வாங்கி விரலில் குத்திப் பார்த்தோம். 241. கொப்பியில் எழுத அம்மா விடவில்லை. தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கொடுக்க.