விரலுக்கும் காதுக்கும் நடுவில்

"சத்தம் பின்னால வருது தம்பி" என்றார் கீபோர்டு கலைஞர். முப்பது வருடம் சினிமாப் பாட்டுக்கு வாசித்த கை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பியானோவை வாசிக்கிறார். விரல் கட்டையில் விழுந்து, கொஞ்சம் கழித்துத்தான் ஹெட்போனில் ஸ்வரம் வருகிறது. பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் ஒலியைத் தயாரிக்கிறது என்ற அளவை, 1024-இல் வைத்திருந்தேன். 48,000 சாம்பிள் ரேட்டில் அதற்கே 21 மில்லி விநாடி. ஆடியோ இன்டர்ஃபேஸ் சேர்க்கும் தாமதம் தனி. 128-க்கு இறக்கினால் மூன்று மில்லி விநாடிக்குள் வந்துவிடும். இறக்கினேன். 'படக் படக்' என்று ஒலி வெடித்தது. திரும்ப ஏற்றினேன். மூன்று டேக் வாசித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்று எழுந்துகொண்டார்.

அந்தக் கம்ப்யூட்டரை 2021-இல் ஆசை ஆசையாக வாங்கியிருந்தேன். பழைய சர்வரில் ஓடிய ப்ராசசர் இரண்டு, மொத்தம் 20 கோர். கோர் கூடினால் ட்ராக் கூடும் என்பது என் கணக்கு. ஒவ்வொரு கோரின் அடிப்படை வேகம் 2.2 கிகாஹெர்ட்ஸ்தான் என்பதை நான் பொருட்படுத்தவில்லை.

அவர் போன பிறகு, அதே செஷனை மறுபடி 128-இல் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ப்ராசசர் உபயோகம் 15 சதவீதம். பக்கத்திலேயே இசை மென்பொருளின் மீட்டர் சிவப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வெகுநேரம் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பியானோ ட்ராக்கிலிருந்த ப்ளக்-இன்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். ஈக்யூ, கம்ப்ரஸர், டேப் ஒலி, ரெவெர்ப். நாலாவதை அணைத்ததும் வெடிப்பு நின்றது.

ஒரு ட்ராக்கில் வரிசையாக நிற்கும் ப்ளக்-இன்கள் ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். ரசம் வைப்பது மாதிரி. புளி கரைக்காமல் கொதிக்கவிட முடியாது, கொதிக்காமல் தாளித்துக் கொட்ட முடியாது. அடுக்களையில் 20 பேர் இருந்தாலும் அந்த ஒரு சட்டிக்கு ஒரு ஆள்தான். என் பியானோவும் அதன் ப்ளக்-இன்களும் ஒரே கோரின் தலையில் விழுந்திருந்தன. மற்றவை பெரும்பாலும் சும்மா இருந்தன.

அதோடு இந்த வேலைக்குக் கெடு உண்டு. முடிந்த மிக்ஸைக் கோப்பாக எழுதும்போது ஐந்து நிமிடம் கூடினால் ஒன்றும் கெட்டுவிடாது. நேரடியாக வாசிக்கும்போது அப்படியில்லை. 128 சாம்பிள் பஃபர் என்றால் விநாடிக்கு 375 முறை ஒலியைத் தயாராகக் கொடுக்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் எவ்வளவு சிக்கலான கணக்கானாலும் கடைசியில் சமத்தில் வந்து விழ வேண்டும் அல்லவா, ப்ராசசருக்கு விநாடிக்கு 375 சமம். 374 சரியாக விழுந்து ஒன்று தவறினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். பாடுகிறவர்களுக்கு இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரிங்கைப் போட்டுச் சமாளிக்கலாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறக்கும் பியானோவுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

அதனால் இப்போது யார் கேட்டாலும், ஒற்றைக் கோரின் வேகத்தை முதலில் பாருங்கள் என்கிறேன். எண்ணிக்கை அதற்குப் பிறகு. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதையும் அடுக்கி எழுதுகிறவர்களுக்கு அது நிச்சயம் வேண்டும், என் மாதிரி வேலைக்கு வேகமான எட்டு கோர் தாராளம். இன்டெலின் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல ப்ராசசர்களில் பெரிய கோரும் சிறிய கோரும் கலந்து வருகின்றன. அதை வாங்குவதானால் உங்கள் இசை மென்பொருள் கனமான வேலையைப் பெரிய கோருக்கு அனுப்புகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆப்பிளின் எம் வரிசை அமைதியானது, வேகமானது. மெமரியை மட்டும் பிறகு கூட்ட முடியாது.

கடைகளில் யாரும் பேசாத விஷயம் சூடு. வளசரவாக்கத்தில் என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. குரல் எடுக்கும்போது ஏசியை அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சலை மைக் வாங்கிவிடும். மே மாதத்தில் அணைத்த இருபதாவது நிமிடம் பாடுகிறவரின் முதுகு நனைந்துவிடும். கம்ப்யூட்டரும் அதே அறையில்தான் இருக்கிறது. சூடு ஏற ஏற ஃபேன் வேகமெடுக்கும். மெதுவாகத் தொடங்கும் பல்லவிக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று அது பதிவாகும். இன்னும் ஏறினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிசம்பரில் ஒழுங்காக ஓடிய செஷன் மே மாதத்தில் வெடிக்கும்.

2023-இல் ரைசன் 7 7700 வாங்கியது இதை யோசித்துத்தான். அதே எட்டு கோரோடு 7700எக்ஸ் என்று ஒன்று உண்டு. அது 105 வாட், இது 65 வாட். வேகத்தில் இருக்கும் சிறிய வித்தியாசத்துக்காக அந்த 40 வாட்டை என் அறைக்குள் விட எனக்கு மனமில்லை. மிச்சமான பணம் பெரிய, மெதுவாகச் சுற்றும் ஃபேனுக்குப் போனது. பழைய பழக்கம் ஒன்றை மட்டும் விடவில்லை: ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுவேன். அதன் டிரைவர் நடுவில் குறுக்கிட்டு ஒலியை வெட்டிய அனுபவம் உண்டு.

அந்தக் கீபோர்டு கலைஞரை மறுபடி கூப்பிட்டேன். பஃபர் 64, பியானோவில் ரெவெர்ப் உட்பட எல்லாம் அப்படியே. உட்கார்ந்தார், கண்ணை மூடி ஒரு சுற்று வாசித்தார். சத்தம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தாள க்ளிக்கைக் கொஞ்சம் குறைங்க தம்பி, டேக் போலாம்" என்றார்.