எந்த மடுவில் தூண்டில் போடுவது?

தலைக்காவிரியில் ஊற்றாகத் தொடங்கி பூம்புகாரில் கடலைத் தொடும்வரை காவிரி ஓடுவது சுமார் 800 கி.மீ. ஆனால் தூண்டில்காரர்களின் வரைபடத்தில் அது மிகச் சிறிய நதி. அவர்கள் தேடுவது மாசீர். கெண்டைக் குடும்பத்தின் இந்த ராட்சதன் கண்ட தண்ணீரில் எல்லாம் தங்குவதில்லை. பாறை வேண்டும், ஓட்டம் வேண்டும், ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே ஆழமான மடு வேண்டும். மேட்டூருக்குக் கீழே மணல் படுகையும் மதகு திறந்தால் வரும் பாசன நீரும்தான். அங்கே ராட்சதனுக்கு வேலை இல்லை.

மீதியிலும் கழித்தல் உண்டு. குடகில் மரங்கள் கவிந்த இளம் காவிரியில் மாசீர் உண்டு. ஆனால் பெரிய உடம்பு வளரப் பெரிய ஆறு வேண்டும். அடுத்து கிருஷ்ணராஜ சாகர் அணை குறுக்கிடுகிறது. சிவசமுத்திரத்தில் அருவியாக விழுந்த பிறகுதான் நதி காட்டுக்குள் நுழைந்து, பாறைகளை உடைத்துக்கொண்டு ஒகேனக்கல் நோக்கி இறங்குகிறது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பீமேஸ்வரி, அதற்கு மேலே தொட்டமாக்கலி, கீழே காலிபோரே என்ற மூன்று பெயர்களும் உலகத் தூண்டில்காரர்களுக்கு அத்துப்படியானது இப்படித்தான்.

இந்த மோகம் பழையது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எச்.எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1873ல் இந்திய மீன்பிடிப்பு பற்றி எழுதிய நூலில் மாசீரை சால்மனுக்கும் மேலே வைத்தார். 1946ல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்த மாசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. புலிகளைப் பாடம் செய்து தருவதில் பேர்போன குடும்பம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு வெடி வைத்து மீன் பிடிப்பவர்களின் கை ஓங்கியது. பெரிய மாசீர் ஒழிந்தது என்றே பலர் நினைத்திருந்தபோது, 1978ல் ஒரு பிரிட்டிஷ் குழு வந்து காவிரியில் பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டியது. மீண்டும் கூட்டம் வந்தது.

இடம் தேர்வதுதான் இந்த விளையாட்டின் பாதி. கோடையில் நீர் வடிந்து தெளிந்ததும் பாறைகள் தலை காட்டும். நுரைத்துப் பாயும் நீர் மடுவில் சேரும் முனை, இரையைக் கொண்டுவந்து கொட்டும் இடம். அங்கே மாசீர் காத்திருக்கும். அதிகாலையும் அந்தி நேரமும் நல்ல வேளை. இரை வெளிநாட்டுச் சரக்கல்ல, ராகி மாவை வேகவைத்துப் பிடித்த உருண்டை. மீன் இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. முள் மாட்டியதும் மாசீர் நீரோட்டத்தோடு கீழ்நோக்கிப் பாயும். நரம்பு பாறையில் உரசினால் அறுந்துவிடும். ஆகவே கரையோரமாக ஓடவோ, பரிசலில் ஏறித் துரத்தவோ வழியுள்ள இடமாகவும் அது இருக்க வேண்டும்.

இதையெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் கரையோர கிராமத்து வழிகாட்டிகள். அவர்களில் சிலர் முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. தென்னிந்திய வனவிலங்கு சங்கமும், கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் ஆற்றங்கரையில் ஒழுங்கை ஏற்படுத்தின. பிடி, எடை போடு, விட்டுவிடு என்பதே விதி. தூண்டில்காரர் உட்கார்ந்த மடுவில் யாரும் வெடி வைக்க முடியாது. மீனைக் கொன்றால் கிடைப்பதைவிட உயிரோடு விட்டால் வருமானம் அதிகம் என்ற கணக்கு கிராமங்களுக்கும் புரிந்தது.

ஆனால் காவிரியின் அந்தப் பகுதி 1987ல் சரணாலயமாகிவிட்டது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விளக்கம் தரப்பட்டது. 2012ல் மீன்பிடிப்பு நின்றது. சட்டத்தின் வாதம் எளிது: புலிக்கு ஒரு நீதி, மீனுக்கு ஒரு நீதி கிடையாது. தூண்டில்காரர்களின் வாதமும் எளிது: எங்களை அனுப்பிவிட்டால் இரவில் மடுவைப் பார்த்துக்கொள்வது யார்?

இந்தச் சண்டைக்கு நடுவே முகாம் பதிவேடு வேறொரு கதை சொன்னது. 1998 முதல் 2012 வரை காலிபோரேயில் சுமார் 23,600 மணி நேரம் தூண்டில் போட்டதில் 6,161 மாசீர்கள் சிக்கியிருந்தன. ஏறக்குறைய நாலு மணிக்கு ஒன்று. அவற்றில் பெரியது 46 கிலோவுக்கு மேல். ஆராய்ச்சியாளர்கள் 2015ல் இந்தக் கணக்கை அலசியபோது, மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதும் சராசரி எடை குறைந்துகொண்டே வந்ததும் தெரிந்தது. பெருகியது காவிரியின் மீன் அல்ல. லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மாசீர் குஞ்சுகளை, ஆற்றை வளப்படுத்தும் நல்லெண்ணத்தில் விட்டிருந்தார்கள். வந்த மீன் பெருக, முதுகில் திமில் கொண்ட சொந்த மாசீர் அருகியது.

அந்தத் திமில் மாசீருக்கு அதுவரை சரியான அறிவியல் பெயர்கூட இல்லை. அமராவதியில் கலக்கும் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு 2007ல் விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவியி'தான் அது என்று 2018ல் உறுதியானது. மோயாற்றில் கிடைத்த மீன்கள் துப்புக் கொடுத்தன. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்த மீன், அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறியது. பெயர் கிடைத்த கையோடு எச்சரிக்கையும் வந்தது.

ஆக, கேள்வி மாறிவிட்டது. எங்கே தூண்டில் போடுவது என்பதல்ல, எந்த மடுவில் அது இன்னும் பிழைத்திருக்கிறது என்பதே இப்போது தெரிய வேண்டியது. காலிபோரேக்குக் கீழே, ஆர்க்காவதி வந்து கலக்கும் சங்கமாவைத் தாண்டினால் மேகதாது. அங்கே 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டும் திட்டத்தை கர்நாடகம் வைத்திருக்கிறது. தண்ணீரில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை இரு மாநிலங்களும் விவாதித்துக்கொள்ளட்டும். அணை எழுந்தால் பாறையும் மடுவும் தேங்கிய நீருக்கடியில் ஒன்றாகிவிடும். அப்புறம் இடம் தேடும் வேலையே யாருக்கும் இருக்காது.