லாரியில் கழிந்த ஞாயிறு



ஓய்வுநாளைக் குறித்து உங்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் என் ஊழிய நாட்களில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை, நோயோ விபத்தோ இல்லாமலே, நான் ஆலயத்துக்குப் போகாமல் இருந்தேன் என்பதை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. அது 2018-ஆம் ஆண்டு ஜனவரி 7. அன்று காலை நான் இத்தாலியின் வட எல்லையருகே, ஒரு லாரியின் மேல்படுக்கையில், இரண்டு கம்பளிகளுக்குள் படுத்திருந்தேன்.

நம் திருச்சபைக்கும் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மிஷனுக்கும் உள்ள உறவு 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. அந்த உறவின்பேரில் அந்தக் குளிர்காலத்தில் மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தேன். எனக்கு இடங்கொடுத்த குடும்பத்தில் அம்மாவின் தம்பி ஒருவர் சொந்த லாரி வைத்து நெடுந்தூரம் ஓட்டுபவர். ஐம்பது வயதைக் கடந்தவர். பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்ததால் ஞானஸ்நானம் பெறாதவர். ஒருநாள் இரவு உணவின்போது, “போதகரே, ஐரோப்பாவைப் பார்க்க வேண்டுமானால் ஆலயங்களை விட்டுவிட்டு என்னோடு வாருங்கள், வியாழன் புறப்பட்டால் சனிக்கிழமை வீட்டில் இருக்கலாம்” என்றார். ஞாயிறு ஆராதனையில் சில நிமிடங்கள் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை திரும்பிவிடலாமே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 4, வியாழன் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். நீளம் பதினாறரை மீட்டர். சரக்கோடு சேர்த்து எடை ஏறத்தாழ 40 டன். வெரோனாவில் இறக்கவேண்டிய இயந்திர உதிரிபாகங்கள் பின்னால் இருந்தன. ஏறுவதற்கு முன் அவர் டிரெய்லரின் மேற்கூரையை விளக்கடித்துப் பார்த்தார். இரவில் கூரைமேல் தேங்கும் நீர் பலகைபோல் உறைந்துவிடும். ஓடும்போது அது பெயர்ந்து பின்னால் வரும் காரின் கண்ணாடிமேல் விழுந்தால் உயிரே போகும். அதை அகற்றாமல் சாலையில் இறங்குவது அங்கே குற்றம். ஆஸ்திரியாவுக்குள் நுழையும் கனரக வண்டி, நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை, பனிக்கால டயர்களும் சக்கரத்தில் மாட்டும் சங்கிலியும் இல்லாமல் போகக்கூடாது. டீசல்கூட குளிர்காலத்துக்கென்று வேறு விதமாகத் தயாரிக்கிறார்கள். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் இறுகிவிடுமாம்.

இவையெல்லாம் எனக்குப் புதுமையாயிருந்தன. ஆனால் மூன்று நாளும் என் கண்ணைவிட்டு அகலாமல் இருந்தது, அவர் தலைக்கு மேலே பொருத்தப்பட்டிருந்த ஒரு சிறு பெட்டி. டேக்கோகிராஃப் என்பது அதன் பெயர். ஓட்டுநர் தன் அட்டையை அதில் செருகியாகவேண்டும். அவர் ஓட்டிய நிமிடம், நின்ற நிமிடம், உறங்கிய நேரம் யாவும் அதில் பதிவாகும். நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரம் ஓட்டலாம். இரண்டு வாரங்கள் சேர்த்து 90 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரவில் பதினொரு மணி நேர ஓய்வு. சில நாட்கள் மட்டும் அதை ஒன்பதாகக் குறைத்துக்கொள்ளலாம். சாலையில் காவலர் மறித்தால், அந்நாட்களில் கடந்த 28 நாட்களின் கணக்கையும் காட்டவேண்டியிருந்தது. உறக்கம் மிகுந்த ஓட்டுநரின் கையில் 40 டன் எடை என்னவாகும் என்பதைப் பல மரணங்களின் வழியாகக் கற்றுக்கொண்ட தேசங்கள் எழுதிய சட்டம் இது. ஓய்வைக் கட்டளையாகவே கொடுக்கவேண்டியிருக்கிறது, பாருங்கள்!

பவேரியாவில் ஹிம்மெல்கிரோன் என்ற ஊரை நெருங்கும்போது, பயணிகளுக்கான ஆலயம் ஒன்று அருகில் இருப்பதைக் காட்டும் பலகை தென்பட்டது. ஜெர்மனியில் நெடுஞ்சாலையோரமாக இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் உண்டு. முதலாவது 1958-இல் ஆட்ல்ஸ்ரீட் என்னும் ஊரில் எழுந்தது. “உள்ளே போயிருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “இருபது வருடமாகப் பலகையைப் பார்க்கிறேன். என் 45 நிமிடம் அந்த இடத்தில் வந்து முடிந்ததே இல்லை” என்றார். அப்போது அதை ஒரு சாக்காகவே எடுத்துக்கொண்டேன். சரி என்று தலையசைத்தேன், உள்ளத்தில் சிரித்தேன்.

மியூனிக்கைத் தாண்டி இன் நதிப் பள்ளத்தாக்கில் திரும்பி, இன்ஸ்ப்ரூக்கைக் கடந்து, தரையிலிருந்து 190 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஐரோப்பாப் பாலத்தின்மேல் போனோம். அதன்பின் ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்திலுள்ள பிரென்னர் கணவாய். ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் வாசல் அது. எங்களுக்கு முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகளின் சிவப்பு விளக்குகள். இருபுறமும் நீலம் பாரித்த பனி. அழகைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. இறக்கத்தில் அவர் கண் முழுவதும் பிரேக்கின்மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெரோனாவில் சரக்கு இறக்கும் இடத்தில் நின்றோம். ஒன்பது மணிக்குள் முடியவேண்டிய வேலை. அங்கிருந்த பணியாளர் எங்களைக் காத்திருக்கச் சொன்னார். பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. கிடங்குக்குள் ஓட்டுநர்கள் வரக்கூடாது. கழிவறை உள்ளே இருந்தது. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்று கேட்டேன். “சக்கரம் சுற்றினால்தானே கூலி?” என்றார். பிற்பகல் இரண்டு மணிக்கு இறக்கி முடித்தார்கள். அடுத்த இடத்தில் சலவைக்கல் பலகைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஐந்தாகிவிட்டது.

அந்த ஐந்து மணி நேர இழப்பு எதைச் செய்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். மறுநாள் ஜனவரி 6, ஞானிகள் ஆண்டவரைத் தரிசித்த திருநாள். ஆஸ்திரியாவில் அது அரசு விடுமுறை. விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இரவு பத்து மணிவரை அந்நாட்டில் கனரக லாரிகள் ஓடக்கூடாது. சனிக்கிழமைகளிலும் பிற்பகல் மூன்று மணியிலிருந்து நள்ளிரவுவரை தடை. ஆகவே வெள்ளி நள்ளிரவுக்குள் ஆஸ்திரியாவைக் கடந்துவிடவேண்டும். கடக்கத் தவறினால் ஞாயிறு இரவு பத்துவரை, 46 மணி நேரம், அசையமுடியாது. இரவு எட்டரைக்கு ஸ்டெர்ட்சிங் என்ற மலையூரை அடைந்தோம். கணவாய்க்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கியவர் அவர். காத்திருந்த நேரமெல்லாம் வேலைநாளின் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குள் நிறுத்தியாகவேண்டும். பெரிய லாரி நிறுத்துமிடத்தில், நூற்றுக்கணக்கான வண்டிகளின் நடுவில், கடைசி வரிசையில் ஒரு சந்து கிடைத்தது. சாவியைத் திருப்பினார். “திருநாள் வாழ்த்துக்கள், போதகரே” என்றார்.

லைப்சிக்குக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர்கள் வருந்தினார்களே தவிர குறை சொல்லவில்லை. ஸ்டெர்ட்சிங்கில் ரயில் நிலையம் உண்டு, மறுநாள் ரயிலேறி வந்துவிடலாம் என்றுகூடச் சொன்னார்கள். வரமுடியும். ஆனால் அந்தக் குளிரில் அவரைத் தனியே விட்டுவிட்டு, ஓய்வைப் பற்றிப் பேச ஒரு பிரசங்கபீடத்துக்கு ஓடுவது எனக்கு ஒப்பவில்லை. (கையில் பணமும் குறைவாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

இரவு அவர் எனக்கு ஒரு செய்தி சொன்னார். இரண்டு வாரங்களுக்கு முன், 2017 டிசம்பர் 20 அன்று, ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது: ஓட்டுநர்கள் 45 மணி நேர முழு வார ஓய்வை வண்டிக்குள் கழிக்கக்கூடாது. நல்ல தீர்ப்புதானே என்றேன். “மிக நல்ல தீர்ப்பு. நான் இங்கே உறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கே உறங்குவது என்பதை மட்டும் சொல்லவில்லை” என்று விளக்கை அணைத்தார். கேபினுக்குள் டீசலில் எரியும் சிறு வெப்பமூட்டி இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்தது. அது நிற்கும்போதெல்லாம் நான் விழித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை முழுவதும் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மனிதர் துணி துவைத்துக் கண்ணாடிக்குள் காயப்போட்டார். இன்னொருவர் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டே இருந்தார். போலந்து, லித்துவேனியா, ருமேனியா, ஸ்லோவேனியா என்று எண்பலகைகள். ஓட்டுநர்களோ அந்த நாடுகளுக்கும் கிழக்கேயிருந்து வந்தவர்கள். எங்களுக்கு அடுத்த வண்டி போலந்துக்காரரது. ஓட்டுநர் உக்ரைனில் டெர்னோபில் பகுதியைச் சேர்ந்தவர், வீட்டைவிட்டு வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. என் நண்பர் பள்ளியில் கட்டாயமாகப் படித்த ருஷ்ய மொழி அன்றுதான் பயன்பட்டது. மாலையில் அந்த உக்ரைன்காரர், டிரெய்லரின் பக்கப்பெட்டியைத் திறந்து, அதன் கதவையே மேசையாக்கிச் சிறு எரிவாயு அடுப்பில் எதையோ வேகவைத்தார். அது குட்யா: கோதுமையை வேகவைத்து, தேனும் கசகசாவும் சேர்ப்பது. அந்த ஆண்டுகளில் அவர்களுடைய சபைகள் பழைய நாட்காட்டியின்படி ஜனவரி 7-ஐயே கிறிஸ்து பிறப்பின் நாளாகக் கொண்டாடின. (2023-இல்தான் பெரும்பான்மைச் சபைகள் டிசம்பர் 25-க்கு மாறின.) முந்தின மாலை, முதல் நட்சத்திரம் தோன்றியபின், இறைச்சியில்லாத பன்னிரண்டு பதார்த்தங்களோடு குடும்பமாக உண்பது வழக்கம். அவரிடம் மூன்று இருந்தன: குட்யா, ஊறிய முட்டைக்கோசு, டப்பா மீன்.

மலைக்கு மேல் மேகம். நட்சத்திரம் தெரியவில்லை. அவர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நிறுத்துமிடத்து விளக்குக் கம்பத்தைக் காட்டிச் சிரித்தார். நாங்கள் ஐந்து பேர் நின்றபடியே உண்டோம். அவர் தொலைபேசியில் ஒரு சிறுமி பாடினாள். கிறிஸ்து பிறந்தார் என்று அவர் வாழ்த்தினார். அவரை மகிமைப்படுத்துங்கள் என்று மறுமொழி சொல்ல என் நண்பருக்கும் எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஞானஸ்நானம் பெறாத அந்த மனிதர் அதை என்னைவிடத் திருத்தமாகச் சொன்னார்.

ஞாயிறு காலை, பள்ளத்தாக்கில் ஆலய மணிகள் அடித்தன. என் சட்டைப்பையில், கிழக்கிலிருந்து நெடுவழி வந்த ஞானிகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய குறிப்பு இருந்தது. அதை எடுக்கவில்லை. நான் யாரென்று கேட்டறிந்த உக்ரைன்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, தன் மகளுக்காக ஜெபிக்கச் சொன்னார். தமிழில் ஜெபித்தேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது.

அந்த மணியோசையைக் கேட்டபடி நின்றபோது, பிரியமானவர்களே, வேறொரு முகம் என் முன் வந்தது. முன்பு நான் ஊழியம் செய்த சபையில் லாரி ஓட்டும் சகோதரர் ஒருவர் இருந்தார். நாக்பூர், டெல்லி என்று போனால் பதினைந்து நாள், இருபது நாள் கழித்தே வருவார். மாதத்தில் ஒருமுறை ஆலயத்தில் கண்டால் அதிசயம். ஒரு ஞாயிறு அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, சக்கரத்துக்கு ஆறு நாளும் கொடுக்கிறவர்களுக்குக் கர்த்தருக்கென்று அரைநாள் இல்லையா என்று நான் பீடத்திலிருந்து கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலைகுனிந்திருந்தார். அதன்பின் அவர் வரவில்லை. மனைவியும் பிள்ளைகளும் மட்டும் வந்தார்கள். அவர் மனம் கடினப்பட்டுவிட்டதென்று எண்ணிக்கொண்டேன். அவருக்கென்று தலைக்கு மேல் பெட்டி ஏதும் இருக்கவில்லை. நிறுத்து என்று சொல்ல எந்தச் சட்டமும் அவரை எட்டியதில்லை. நான் ஒருவன் எட்டியிருக்கலாம். எட்டியது அந்த விதமாக.

ஞாயிறு இரவு பத்து மணிக்கு அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் உறுமின. திங்கள் காலை லைப்சிக் சேர்ந்தோம்.

ஊர் திரும்பியபின் அந்தச் சகோதரரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் வழக்கம்போல் பயணத்தில் இருந்தார். அவருடைய மனைவி காபி கொடுத்துவிட்டு, கைபேசியில் அவரை அழைத்து என்னிடம் நீட்டினார். என் குரலைக் கேட்டதும் அவர் பதறிப்போனார். “ஐயா, வீட்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சா?” என்றார். பத்து வருடங்களில் நான் அவரை அழைத்தது அதுவே முதல்முறை. ஒன்றுமில்லை என்று சொல்லி அவரை நம்பவைக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு, அன்று பீடத்திலிருந்து பேசியதற்காக மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேங்கய்யா” என்றார். மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறார், சாப்பிட்டாரா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். பேதுல் தாண்டி ஒரு தாபாவில் நிற்பதாகவும், குளிர் அதிகம் என்றும், கிளீனர் பையனிடம் கம்பளி இல்லாததால் தன்னுடையதைக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.