தூணும் தாயும்

ஆட்டிசம் உள்ள சிலருக்குக் கை எங்கே, கால் எங்கே என்பதே சரியாகப் பிடிபடுவதில்லை. அழுத்தம் பட்டால்தான் உடம்பு தன்னுடையதாகிறது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் அம்மாள், சிறுமியாக இருந்தபோது யாராவது அணைத்தால் விறைத்துக்கொள்வாராம். ஆனால் அழுத்தம் மட்டும் வேண்டும்! மாட்டை இறுக்கி நிறுத்தும் கூண்டைப் பார்த்து, 1965-ல், 18 வயதில், தமக்கென்று ஒன்று செய்துகொண்டார். எவ்வளவு இறுக்குவது என்பது அவர் கையில் இருந்தது. அதுதான் சூட்சுமம்.

சங்கரன்கோவிலில், கோமதி அம்மன் சந்நிதிக்கு எதிரே உள்ள சக்கரக் குழியில் உட்கார்ந்தால் சித்தப்பிரமை தெளியும் என்பார்கள். (ஆட்டிசம் பிரமை அல்ல, பெற்ற வயிறு கேட்குமா?) அங்கே ஒரு தாய், "தொட்டாலே உதறுதான், சார்" என்று அழுதாள். உதறிய பையன் கல்தூணில் முதுகை அழுத்திக்கொண்டு சாந்தமாக நின்றான். தூண் அவனைத் தொடவில்லை. அவன்தான் தூணைத் தொட்டான். சொன்னேன். அவள் எழுந்துபோய்த் தூணருகே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.