தந்தையாரின் வில்லுக்கத்தி

மடக்கி வைக்கும் கத்தியை யாழ்ப்பாணத்தார் வில்லுக்கத்தி என்பர். காரணம் அறிந்து இட்ட பெயர் அது. பிடியின் முதுகுப்புறத்தே மறைந்து கிடக்கும் உருக்கு வில் ஒன்றே, விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் அலகை அழுத்தி நிறுத்துகின்றது. அலகு ஒடிந்தவுடன் கத்தி போயிற்று என்று வீசிவிடுவது இக்கால வழக்கம். வில்லும் பிடியும் பழுதின்றி இருக்கின்றனவா என்று பார்ப்பார் மிகச் சிலரே.

எம் வீட்டு வில்லுக்கத்தி இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் செய்யப்பட்டது. அந்நகரத்துக் கத்தி வினைஞர் 1624 ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒரு சங்கமாய் அமைந்தவர்கள். 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கென, அலகும் கருவியுமாக 75 உறுப்புகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்டியவர்களும் அவர்களே. எம்முடையதற்கு அத்தகைய ஆடம்பரம் ஏதுமில்லை. ஓர் அலகு, கொம்புப் பிடி, உள்ளே பித்தளைத் தகடு, அவ்வளவே. மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராயிருந்த எம் பேரனார் இளைப்பாறி ஊர் திரும்பியபோது கொணர்ந்தது. அவருக்குப் பின் எம் தந்தையாரின் மடியில் அது குடியேறிற்று. வாழையிலை அறுக்கவும், கயிறு நறுக்கவும், மாங்கன்று ஒட்டவும் அவருக்கு வேறு கத்தி வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு மாலைதோறும் எம் பென்சில்களை ஊசி முனையாகச் சீவி வரிசையாக அடுக்கி வைப்பார். வகுப்பில் அத்தகைய முனை வேறெவர் பென்சிலுக்கும் இருந்ததில்லை என்பதில் எமக்குப் பெருமை உண்டு.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாமும் நடந்தோம். ஒரு பாடசாலைக் கட்டடத்திற் பல குடும்பங்களோடு தங்கியிருந்த நாளில், பால்மா டின்னொன்றின் மூடியை நெம்பும்போது தந்தையாரின் கையிலேயே அலகு ஒடிந்தது. கரி மிகுந்த உருக்கு அறுப்பதில் வல்லது. பக்கவாட்டில் வளைத்தால் முறியும். முக்கால் அங்குலமே எஞ்சிற்று. 1996 இல் ஊர் திரும்பிய பின்பும் அந்த முக்கால் அங்குலத்தாலேயே பென்சில் சீவினார். 2019 இல் அவர் மறைந்த பின் கத்தி அலுமாரி இழுப்பறையிற் கிடந்தது.

அதற்குப் புதிய அலகு இடுவிக்கப் போகின்றோம் என்றபோது அன்னையார் இசையவில்லை. “கொப்பர் பிடிச்ச கத்தி அது. அலகை மாத்தினால் பிறகு அது ஆரின்ரை கத்தி?” என்றார். பலகை பலகையாகப் புதுப்பிக்கப்பட்ட தீசியசின் கப்பல் பழைய கப்பல்தானா என்று ஏதென்சு நகரத்து அறிஞர் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். அதனை எடுத்துச் சொல்லத் தொடங்கி, அன்னையாரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு நிபந்தனை விதித்தார். ஒடிந்த அலகு உலைக்குப் போகக்கூடாது. கழற்றியபடியே அவர் கைக்குத் திரும்பவேண்டும்.

எம் ஊரிலிருந்து மூன்று கட்டை தொலைவில் ஒரு கம்மாலை இன்றும் இயங்குகின்றது. மண்வெட்டியும் கோடரியும் தோய்ச்சலுக்கு வருவது குறைந்துபோன இக்காலத்தும், எழுபது வயதைத் தாண்டிய கொல்லர் காலையில் உலை மூட்டத் தவறுவதில்லை. கத்தியை வாங்கி, காதருகே வைத்து மடித்தும் விரித்தும் ஒலி கேட்டார். “மாஸ்ரர், வில்லு உயிரோடை கிடக்கு. மற்றதைப் பாப்பம்” என்றார்.

அலகைப் பிணைத்திருந்த தறையாணியின் தலையை அராவி, மெல்லிய தமருளியால் தட்டி வெளியே தள்ளினார். கொம்புப் பிடி அசையவேயில்லை. புதிய அலகுக்கு லொறி வில் உதவுமா என்று வினவினோம். அடி தாங்கவேண்டிய கோடரிக்கும் காட்டுக்கத்திக்கும் அதுவே நன்று. மெல்லிய சிறு அலகுக்குத் தேய்ந்த அரமே ஏற்றது என்றார். வேதியியலும் அதையே சொல்லும். நல்ல அரத்தின் உருக்கில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கரி உண்டு. லொறி வில்லில் அதனிற் பாதியளவே.

அரத்தைச் சிரட்டைக்கரி உலையிற் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு ஆறவிட்டார். மெல்ல ஆறினால் உருக்கு இளகும். பின்னரே அதனை அறுக்கவும் துளைக்கவும் இயலும். மறுநாள் பழைய அலகை அதன்மேல் வைத்துக் கீறி, வாளால் அறுத்து, அராவத் தொடங்கினார். வெட்டும் வாயைவிட அடிப்பாகத்துக்கே அவர் மிகுந்த பொழுதைச் செலவிட்டார். வில் வந்து அமரும் முகங்கள் ஒரு மயிரிழை கூடினால் அலகு நிமிராது, குறைந்தால் ஆடும். விளக்குக் கரியைத் தடவி, மாட்டி, கழற்றி, கரி அழிந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு அராவுவார். மீண்டும் தடவுவார். இவ்வாறு இருபது முறைக்குக் குறையாது. விரலால் இழுத்து விரிப்பதற்கான நகக்குழியையும் சிற்றுளியால் வெட்டிவைத்தார்.

தோய்ச்சலின்போது கம்மாலையின் படலைச் சாத்தி இருளாக்கினார். தீயின் நிறம் வெயிலில் ஏமாற்றும். நாம் காந்தம் ஒன்று கொண்டுசென்றிருந்தோம். ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவதை இழக்கும். அதற்குச் சற்று மேலே உருக்கைத் தோய்க்கவேண்டும் என்பது நூலறிவு. காந்தம் ஒட்டாத நிலை வந்ததும், “இன்னும் கொஞ்சம்” என்று அவர் தாமாகவே சொன்னார். பிறகு நல்லெண்ணெயில் நேராக இறக்கினார். எடுத்து அரத்தால் உரசியபோது அரம் கண்ணாடிமேற் போல வழுக்கிற்று.

அந்நிலையில் அலகு கீழே விழுந்தாலும் உடையக்கூடும். ஆதலின் அதனை மினுக்கி, பழுக்கக் காய்ச்சிய தடித்த இரும்பின்மேல் அடிப்பாகம் படும்படி வைத்தார். சூடு ஏற ஏற நிறங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு நகர்ந்தன: வைக்கோல் மஞ்சள், கபிலம், ஊதா, நீலம். உருக்கின்மேற் படரும் ஒட்சைட்டுப் படலம் தடிக்கத் தடிக்க இந்நிறங்கள் தோன்றுகின்றன. அடிப்பாகம் நீலமாகி வில்லின் அழுத்தத்தைத் தாங்கும் இயல்பு பெற்றது. வாய்ப்புறம் 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சளாகிய கணத்தில் தண்ணீரில் அமிழ்த்தினார்.

சமனலவெவப் பகுதியிற் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு பண்டைக்கால மக்கள் இரும்பு உருக்கினர் என்பதை அகழ்ந்து கண்ட கில் ஜூலெப் அம்மையார் 1996 இல் அதை உலகறிய எழுதினார். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’யிலும் இந்நாட்டு உருக்குத் தொழில் இடம்பெற்றுள்ளது. பாடசாலைப் பிள்ளைகளை இக்கம்மாலைக்கு ஒரு நாள் அழைத்து வரலாமா என்று கேட்டோம். “கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்று சிரித்தார். அவர் மகன் கொழும்பில் வாகனம் திருத்துகின்றான்.

புதிய பித்தளை ஆணியைத் தறையும்போது, அலகுக்கும் தகட்டுக்கும் இடையே எண்ணெய்க் கடதாசித் துண்டொன்றைச் செருகிவைத்தார். தறைந்து முடித்து அதை உருவியபோது கடதாசியின் தடிப்பளவு இடைவெளி எஞ்சிற்று; அலகு இறுகாமல் இயங்கிற்று. மடித்தோம். முன்பு தந்தையார் மடிக்கையிற் கேட்ட அதே ‘டக்’கென்ற ஒலி. அது வில்லின் குரல் அன்றோ, வில் பழையது. அவர் கேட்ட கூலி எம் ஒரு நாட் சம்பளத்துக்கும் குறைவு. மேலதிகமாக நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார்.

அன்னையார் முதலில் ஒடிந்த அலகையே கேட்டு வாங்கி, துணியிற் சுற்றி, தந்தையாரின் கண்ணாடிக் கூட்டில் வைத்து மூடினார். பிறகு கத்தியை விரித்து, எம் மகளின் பென்சிலொன்றை எடுத்து மெல்லச் சீவிப் பார்த்தார். சீவல் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. மகள் கை நீட்டினாள். கத்தியை மடித்து அவளிடம் கொடுத்து, “கவனம் பிள்ளை, கையை வெட்டிப்போடும்” என்றார்.