கண்ணகி என்னும் பெயரும் மங்கலதேவி மலையும்

பெண்மகவுக்குக் கண்ணகி எனப் பெயரிட விரும்பிப் பின் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உள. "ஊரை எரித்தவள் பெயராயிற்றே, குழந்தைக்கு ஆகுமோ?" என்பர் முதியோர். அவர்கள் ஒருமுறை இடுக்கி எல்லைக்குச் சென்று வருதல் நன்று.

கண்ணில் நகை உடையவள் என்பதே இப்பெயருக்குப் பரவலாகக் கூறப்படும் பொருள். இலக்கணப் புலவர் வேறு விதமாகவும் பிரிப்பர்; அவ்வழக்கு அவர்களோடு இருக்கட்டும். சிலப்பதிகாரத் தலைவிக்கு மட்டும் உரிய பெயரன்று இது. பழனி மலைப் பகுதியை ஆண்ட பேகனின் மனைவியும் கண்ணகியே. அவளைத் துறந்த பேகனை நோக்கிக் கபிலர், பரணர் முதலிய புலவர் நால்வர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன (143–147). நகைக்கண்ணாளை அங்கே நாம் காண்பது கண்ணீரோடுதான்!

பழனி மலைத்தொடர் மேற்கே இடுக்கி மலைகளோடு இணைகிறது. அதற்குத் தெற்கே, குமுளிக்கு அருகில், பெரியாற்றுக் காட்டினுள் ஏறத்தாழ 1,337 மீட்டர் உயரத்தில் நிற்பது மங்கலதேவி கோயில். சிதைந்த பழங்கற்றளி அது. மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை நிழலில் நின்று, பதினான்காம் நாள் விண்ணுலகு சென்றாள் என்பது காப்பியச் செய்தி. குன்றக் குறவர் கூறக் கேட்ட சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்லில் அவளுக்குப் படிமம் அமைத்தான். பூம்புகாரிலிருந்து அவள் நடந்த வழியைத் தேடிச் சென்ற பேராசிரியர் சி. கோவிந்தராசனார், அக்கோட்டம் இதுவே என 1963-இல் அறிவித்தார்.

நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. கொற்றவை கோயில் வாயிலில் வளையை உடைத்துவிட்டு மதுரையை விட்டு வந்தவள் அவள். கைம்பெண்ணை மங்கல வினைகளுக்கு அழையாத நாடு நம் நாடு. அங்கே இம்மலை மட்டும் அவளை மங்கலதேவி என்று அழைக்கிறது! மட்டக்களப்புப் பகுதித் தமிழர் கண்ணகை அம்மன் என்பர். சிங்களர் பத்தினித் தெய்வம் என்பர்.

சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே கோயிலுக்குச் செல்ல இசைவு உண்டு. குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறலாம். கால்வலிமை உடையோர் தேனி மாவட்டத்துப் பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுவர். புலிகள் காப்பகமாதலின் மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.